கிட் சர்வரில் எஸ்எஸ்எச் சாவிகள்: உருவாக்குவது, பராமரிப்பது, நீக்குவது

புதிதாக ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறீர்கள். குழுவின் நிரல் ஃபைல்களைக் கிட் என்ற மென்பொருள் அவற்றின் வரலாற்றோடு வைத்திருக்கும் இடமான ரெப்போவின் முகவரி கையில் இருக்கிறது. க்ளோன் செய்யப் போனால், அதாவது அதை உங்கள் கணினிக்கு நகலெடுக்கப் போனால், "பெர்மிஷன் டினைடு, பப்ளிக்கீ" என்று ஒரு வரி வந்து நிற்கிறது. இணையத்தில் தேடினால் நாலைந்து கட்டளைகள் கிடைக்கும், வரிசையாக ஒட்டினால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும். தலைவலி அப்புறம்தான் ஆரம்பிக்கும். லேப்டாப் மாறும், இரண்டாவது அக்கவுண்ட் வரும், யாராவது குழுவை விட்டுப் போவார். அப்போது சர்வரில் இருக்கும் சாவிகளில் எது யாருடையது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

இந்தக் குழப்பத்தில் நான் நிறைய நேரத்தைத் தொலைத்தவன். அதனால் சாவி உருவாக்குவதைப் பற்றிக் கொஞ்சமாகவும், அதை வைத்துக் குடும்பம் நடத்துவதைப் பற்றி அதிகமாகவும் எழுதுகிறேன். எஸ்எஸ்எச் என்பது சர்வரோடு பாதுகாப்பாக இணையும் முறை. அதன் சாவி ஒரு ஜோடி: சர்வரில் ஏற்றும் பொதுச் சாவி, உங்களிடமே இருக்கும் தனிச் சாவி. கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் அடியில் இரண்டே விதிகள்தான் இருக்கின்றன. ஒரு கருவிக்கு ஒரு சாவி. தனிச் சாவி தான் உருவான கருவியை விட்டு வெளியே போகக்கூடாது.

கட்டளைகளைப் பெயர் சொல்லி, அவை என்ன செய்கின்றன என்று மட்டும் விளக்குகிறேன். சரியான எழுத்துகளை உங்கள் சர்வரின் உதவிப் பக்கத்தில் பார்த்து அடித்துக்கொள்ளுங்கள். சாவி விஷயத்தில் என்ன செய்கிறது என்று தெரியாத கட்டளையை ஒட்டுவது நல்ல பழக்கம் இல்லை.

## 1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

அக்கவுண்டின் மின்னஞ்சல் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டு கட்டச் சரிபார்ப்பு போட்டிருந்தால் அந்த மொபைலும், மீட்புக் குறியீடுகளும் கையில் இருக்கட்டும். சாவி சேர்க்கும் நேரத்தில் பல சர்வர்கள் நீங்கள்தானா என்று இன்னொரு முறை கேட்கும்.

அடுத்தது அனுமதி. சாவி நீங்கள் யார் என்பதை மட்டும்தான் நிரூபிக்கும். எந்த ரெப்போவைத் தொடலாம் என்பதை நிர்வாகிதான் முடிவு செய்வார். ஆகவே முதல் வேலையாக உங்கள் பயனர்பெயரை அனுப்பி, ரெப்போவில் சேர்க்கச் சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் உங்கள் கையில் இருக்கிறது, இது இன்னொருவரின் கையில் இருக்கிறது. ஒரு நாள் தாமதமானால் அது பெரும்பாலும் இங்கேதான் ஆகும்.

நிறுவனத்துக்கென்று ஒற்றை உள்நுழைவு முறை (நிறுவனக் கணக்கு ஒன்றாலேயே எல்லாச் சேவைகளிலும் நுழைவது) இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கிட்ஹப் என்ற கிட் சேவையில் அப்படி இருந்தால், சாவியைச் சேர்த்த பிறகு அந்த நிறுவனத்துக்கென அதைத் தனியாக அங்கீகரிக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் சொந்த ரெப்போக்கள் திறக்கும், நிறுவன ரெப்போக்கள் திறக்காது. எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கவே முடியாத மாதிரி இருக்கும்.

செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. எஸ்எஸ்எச்சுக்கான மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச், கிட் இரண்டும் இலவசம். லினக்ஸிலும் மேக்கிலும் எஸ்எஸ்எச் ஏற்கெனவே இருக்கும், விண்டோஸில் கிட் ஃபார் விண்டோஸ் நிறுவினால் அதோடு சேர்ந்தே வரும். கணினியில் செருகும் சிறு சாதனமான யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி வாங்க நினைத்தால் மட்டும் பணம் செலவாகும். அப்படி வாங்குவதானால் இரண்டாக வாங்குங்கள். ஒன்று தொலைந்தால் உள்ளே போக இன்னொன்று வேண்டும்.

எல்லாம் தயாராக இருந்தால் முதல் சாவிக்கு அரை மணி நேரம் தாராளம்.

## 2. பழைய சாவி ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள்

உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள், புள்ளியில் தொடங்கும் எஸ்எஸ்எச் ஃபோல்டர் இருக்கும். மறைந்திருப்பதால் சாதாரணமாகக் கண்ணில் படாது, டெர்மினலில் பட்டியலிட்டுப் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு ஃபைல்கள் இருந்து, ஒன்றின் முடிவில் மட்டும் 'பப்' என்ற நீட்சி இருந்தால் அது ஒரு சாவி ஜோடி. 'பப்' உள்ளது பொதுச் சாவி, இல்லாதது தனிச் சாவி.

இங்கே ஒரு பெரிய பொறி. சாவி உருவாக்கும் கட்டளை பழைய ஃபைலின் பெயரையே பரிந்துரைக்கும். "ஏற்கெனவே இருக்கிறது, மேலெழுதவா?" என்று கேட்கும்போது அவசரத்தில் 'ஒய்' (ஆம்) அடித்துவிட்டால் பழைய தனிச் சாவி போய்விடும். அதை நம்பியிருந்த எல்லா சர்வர்களும் கதவைச் சாத்திவிடும். திரும்பப் பெற வழியே கிடையாது. அந்தக் கேள்வி வந்தால் 'என்' (இல்லை) என்ற எழுத்தை அடித்து வெளியே வாருங்கள். வேறு பெயர் கொடுத்து மறுபடி தொடங்கினால் போதும்.

பழைய சாவி ஆர்எஸ்ஏ வகையாக இருந்து, நீளம் 2048 பிட்டுக்கும் குறைவு என்றால் அதைத் தொடராதீர்கள். டிஎஸ்ஏ வகை என்றால் யோசிக்கவே வேண்டாம். ஓப்பன்எஸ்எஸ்எச் 2015-லேயே அதை இயல்பாக முடக்கிவிட்டது, 2025-இல் வந்த 10.0 பதிப்பில் அடியோடு நீக்கிவிட்டது.

## 3. சாவியை உருவாக்குங்கள்

கட்டளையின் பெயர் எஸ்எஸ்எச்-கீஜென். அதற்கு நான்கு விஷயங்கள் சொல்ல வேண்டும்.

வகை: ஈடி25519. சின்னது, வேகமானது, பாதுகாப்பானது. 2014 ஜனவரியில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 6.5 முதல் இருக்கிறது, 2023-இல் வந்த 9.5 பதிப்பிலிருந்து எதுவும் சொல்லாவிட்டாலும் இதுதான் உருவாகும். நீங்கள் இணையும் சர்வர் ரொம்பப் பழையது, இதை ஏற்கவில்லை என்றால் மட்டும் ஆர்எஸ்ஏ 4096 பிட்டுக்குப் போங்கள்.

குறிப்பு: சாவியின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு உரை. பல வழிகாட்டிகள் மின்னஞ்சல் முகவரியைப் போடச் சொல்கின்றன. அதனால் பெரிய பயன் இல்லை. உங்கள் நான்கு சாவிகளிலும் ஒரே மின்னஞ்சல் இருந்தால் எது எதுவென்று எப்படித் தெரியும்? கருவி, பயன்பாடு, உருவாக்கிய மாதம் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள்: "அலுவலக லேப்டாப், கிட்லேப், 2025 மார்ச்" என்பது மாதிரி, ஆங்கில எழுத்துகளில், இடைவெளி இல்லாமல். குறிப்பு என்னவாக இருந்தாலும் சாவியின் பலம் மாறாது. ஆனால் இரண்டு வருடம் கழித்து நீக்க வரும்போது உங்களுக்கு வழிகாட்டப்போவது இந்த ஒரு வரிதான்.

ஃபைல் பெயர்: அதே மாதிரி, எதற்கானது என்று தெரியும்படி வையுங்கள். இயல்பான பெயரை விட்டு விலகினால் எஸ்எஸ்எச் அந்தச் சாவியைத் தானாகத் தேடாது, கான்ஃபிக் ஃபைலில் சொல்ல வேண்டும். அதை ஏழாம் படியில் பார்ப்போம்.

பாஸ்ஃப்ரேஸ்: தனிச் சாவியைப் பூட்டி வைக்கும் கடவுச்சொல். என்டரைத் தட்டிவிட்டுப் போகும் ஆசை எல்லோருக்கும் வரும். போகாதீர்கள். பாஸ்ஃப்ரேஸ் இல்லாத தனிச் சாவி என்பது வெறும் ஃபைல். லேப்டாப் திருடு போனாலும், பேக்கப் வேறு யார் கைக்காவது போனாலும் அடுத்த நொடியே அவர்களால் உங்கள் பெயரில் புஷ் செய்ய, அதாவது மாற்றங்களைச் சர்வருக்கு அனுப்ப முடியும். நாலைந்து சொற்களைக் கோத்து நீளமாக ஒன்று வைத்து, பாஸ்வேர்டு மேலாளரில் சேமியுங்கள். மறந்துவிட்டால் மீட்பு என்ற பேச்சே இல்லை, புதிய சாவிதான்.

பாஸ்ஃப்ரேஸ் இல்லாமல் ஏற்கெனவே உருவாக்கிவிட்டீர்களா? பரவாயில்லை. அதே கட்டளையின் 'பி' விருப்பத்தால் பின்னால் சேர்க்கலாம், மாற்றலாம். சாவி மாறாது, சர்வரில் மறுபடி ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் அந்த ஃபைலின் பழைய நகல் எங்காவது கிடந்தால் அது பழையபடியேதான் இருக்கும்.

யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி வைத்திருப்பவர்கள் வகையின் பெயரோடு 'எஸ்கே' சேர்ந்ததைத் தேர்ந்தெடுக்கலாம். 2020 பிப்ரவரியில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.2 முதல் இது உண்டு. ஒவ்வொரு முறையும் அந்தச் சாதனத்தைத் தொட்டால்தான் இணைப்பு கிடைக்கும். சில பழைய சாதனங்கள் ஈடி25519-ஐ ஏற்காமல் ஈசிடிஎஸ்ஏ வகையை மட்டும் ஏற்கும், பிழை வந்தால் அதை முயலுங்கள்.

## 4. பொதுச் சாவியைச் சர்வரில் ஏற்றுங்கள்

'பப்' நீட்சி உள்ள ஃபைலை மட்டும்தான் ஏற்ற வேண்டும். திறந்து பார்த்தால் வகையின் பெயர், புரியாத ஒரு நீண்ட எழுத்துக்கோவை, கடைசியில் உங்கள் குறிப்பு என்று ஒரே ஒரு வரி இருக்கும். பல வரிகளாக, முதல் வரியிலேயே 'பிரைவேட் கீ' என்று எழுதியிருந்தால் தப்பான ஃபைலைத் திறந்திருக்கிறீர்கள். அதை எங்கேயும் ஒட்டாதீர்கள், நிர்வாகி கேட்டாலும் கொடுக்காதீர்கள். உண்மையான நிர்வாகி கேட்கவும் மாட்டார்.

விண்டோஸில் அந்த ஃபைலை இரட்டை க்ளிக் செய்தால் சில கணினிகளில் மைக்ரோசாஃப்ட் பப்ளிஷர் திறக்கப் பார்க்கும், ஏனென்றால் அதன் நீட்சியும் இதேதான். நோட்பேடில் திறங்கள், அல்லது டெர்மினலிலிருந்தே க்ளிப்போர்டுக்கு அனுப்புங்கள். திரையில் மடிந்து தெரிவதை மவுஸால் இழுத்து எடுத்தால் நடுவில் வரி முறிந்துவிடும் ஆபத்து இருக்கிறது. சர்வர் "சாவி செல்லாது" என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கிட்ஹப், கிட்லேப், பிட்பக்கெட், கிட்டீ எல்லாவற்றிலும் பயனர் அமைப்புகளுக்குள் எஸ்எஸ்எச் சாவிகளுக்கென ஒரு பகுதி உண்டு. தலைப்பு கேட்கும் இடத்தில் சாவிக்குப் போட்ட அதே குறிப்பைப் போடுங்கள். இரண்டும் ஒன்றாக இருப்பது பின்னால் உதவும்.

சாவி எதற்கு என்று ஒரு தேர்வும் வரலாம்: உள்நுழையவா, கமிட்டில் (கிட்டில் பதிவு செய்யும் ஒரு மாற்றத்தில்) கையெழுத்திடவா என்று. 2021 நவம்பரில் வந்த கிட் 2.34 முதல் எஸ்எஸ்எச் சாவியாலேயே கமிட்டில் கையெழுத்திட முடியும் என்பதால் இந்தத் தேர்வு. க்ளோன், புஷ் செய்ய உள்நுழைவு வகை வேண்டும். கையெழுத்துக்கு மட்டும் என்று சேர்த்துவிட்டால் சாவி பட்டியலில் அழகாக இருக்கும், கதவு மட்டும் திறக்காது.

கிட்லேபில் காலாவதி தேதிக்கும் ஒரு கட்டம் உண்டு. அது தானாகவே நிரம்பியிருக்கலாம், பார்க்காமல் தாண்டாதீர்கள். எந்தத் தேதி வைத்தாலும் அதற்கு இரண்டு வாரம் முன்னதாக உங்கள் காலண்டரில் ஒரு நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.

"இந்தச் சாவி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது" என்று மறுத்தால், அதே சாவி அந்த சர்வரில் வேறொரு அக்கவுண்டிலோ ரெப்போவிலோ இருக்கிறது என்று பொருள். கிட்ஹப்பில் ஒரு சாவி ஓர் அக்கவுண்டுக்குத்தான். சாவியை வைத்துத்தான் நீங்கள் யார் என்றே அது அடையாளம் காண்கிறது, ஆகவே இரண்டு பேருக்கு ஒரே சாவி இருக்க முடியாது. இரண்டாவது அக்கவுண்டுக்கு இரண்டாவது சாவி உருவாக்குங்கள்.

ஒரு பக்கக் குறிப்பு: கிட்ஹப்பில் உங்கள் பொதுச் சாவிகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சுயவிவர முகவரியின் முடிவில் புள்ளியும் 'கீஸ்' என்ற சொல்லும் சேர்த்தால் பட்டியல் வரும். அதனால் பாதுகாப்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் பெயர் வெளியே தெரியாமல் வைத்திருக்க விரும்பும் அக்கவுண்டில், மற்ற இடங்களில் பயன்படுத்தும் சாவியைப் போடாதீர்கள்.

## 5. முதல் இணைப்பில் கைரேகையைப் பாருங்கள்

எஸ்எஸ்எச் கட்டளையில் பெரிய 'டி' விருப்பம் சேர்த்து, 'கிட்' என்ற பயனர்பெயரில் சர்வரோடு இணைந்து பாருங்கள். உங்கள் சொந்தப் பயனர்பெயரை இங்கே போடக்கூடாது. எல்லோருக்கும் அந்தப் பெயர் 'கிட்' தான்.

முதல் முறை இணையும்போது "இந்த சர்வரை எனக்குத் தெரியாது, இதுதான் கைரேகை, நம்பலாமா?" என்று கேட்கும். கைரேகை என்பது ஒரு சாவியை அடையாளம் காட்டும் சுருக்கக் குறியீடு. இந்த இடத்தில் உங்களைச் சர்வர் சோதிக்கவில்லை, சர்வரை நீங்கள் சோதிக்கிறீர்கள். ஷா256 என்று தொடங்கும் அந்தக் கைரேகையை, சர்வரின் அதிகாரப்பூர்வ உதவிப் பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். அலுவலகத்தின் சொந்த சர்வர் என்றால் நிர்வாகியிடம் கேளுங்கள். பொருந்தினால் மட்டும் 'யெஸ்' என்று முழுதாக அடியுங்கள்.

பின்னொரு நாள், எப்போதும் போல இணையும்போது சர்வரின் அடையாளம் மாறிவிட்டது என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கை வரலாம். அதைப் பார்த்தவுடன் பழைய பதிவை நீக்கும் கட்டளையை ஒட்டச் சொல்லித்தான் எல்லாப் பதில்களும் இருக்கும். அவசரப்படாதீர்கள். 2023 மார்ச் 24 அன்று கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ சர்வர் சாவியை மாற்றியது. அந்தத் தனிச் சாவி சிறிது நேரம் ஒரு பொது ரெப்போவில் வெளிப்பட்டுவிட்டதுதான் காரணம். அன்று உலகமெங்கும் இந்த எச்சரிக்கை வந்தது, அது நியாயமான மாற்றம். ஆனால் நடுவில் யாரோ புகுந்திருந்தாலும் இதே எச்சரிக்கைதான் வரும். சர்வர் தரப்பிலிருந்து அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்து, புதிய கைரேகையை ஒப்பிட்டபின் பழைய பதிவை நீக்குங்கள். அதற்கு எஸ்எஸ்எச்-கீஜென்னின் பெரிய 'ஆர்' விருப்பம் இருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தால் கிட்ஹப் உங்கள் பயனர்பெயரைச் சொல்லி வணக்கம் வைத்துவிட்டு, ஷெல் அணுகல் (சர்வரில் கட்டளைகள் ஓட்டும் வசதி) தருவதில்லை என்று முடிக்கும். பிழை மாதிரி தோன்றினாலும் அதுதான் வெற்றி. அந்தப் பயனர்பெயர் உங்களுடையதா என்று கவனியுங்கள்.

## 6. பாஸ்ஃப்ரேஸைத் திரும்பத் திரும்ப அடிக்காமல் இருக்க

எஸ்எஸ்எச்-ஏஜென்ட் என்ற நிரல் திறந்த சாவியை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். எஸ்எஸ்எச்-ஆட் கட்டளையால் ஒருமுறை சேர்த்தால் போதும். சிறிய 'டி' விருப்பத்தால் இத்தனை மணி நேரம்தான் என்று வரம்பும் வைக்கலாம். மேக்கில் கீசெயினோடு இணைத்துவிட்டால் பாஸ்ஃப்ரேஸை அதுவே பார்த்துக்கொள்ளும்.

விண்டோஸில் இரண்டு சிக்கல்கள். ஏஜென்ட் சேவை இயல்பாக முடக்கப்பட்டிருக்கும், நிர்வாகி உரிமையோடு போய் இயக்க வேண்டும். இரண்டாவது, விண்டோஸ் ஒரு எஸ்எஸ்எச் வைத்திருக்கிறது, கிட் ஃபார் விண்டோஸ் தன்னோடு இன்னொன்றைக் கொண்டுவருகிறது. சாவியை ஒன்றின் ஏஜென்ட்டில் சேர்த்துவிட்டு, கிட் இன்னொன்றைப் பயன்படுத்தினால் பாஸ்ஃப்ரேஸ் கேட்டுக்கொண்டே இருக்கும். கிட்டின் 'கோர் எஸ்எஸ்எச்கமாண்ட்' அமைப்பில் எந்த எஸ்எஸ்எச் என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் பிரச்சினை தீரும்.

உங்கள் ஏஜென்ட்டில் இருக்கும் சாவிகளை நீங்கள் இணைந்திருக்கும் சர்வரிலிருந்தும் பயன்படுத்த விடும் ஏஜென்ட் ஃபார்வர்டிங் என்ற வசதியை எல்லா சர்வருக்கும் சேர்த்துத் திறந்துவிடாதீர்கள். நீங்கள் உள்நுழைந்திருக்கும் வரை அந்த சர்வரில் ரூட் உரிமை (முழு நிர்வாக உரிமை) உள்ள எவரும் உங்கள் சாவியைப் பயன்படுத்திக்கொள்ள முடியும்.

## 7. ஒரே கணினியில் இரண்டு அக்கவுண்டுகள்

புதியவர்களை அதிகம் படுத்தும் இடம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். அலுவலகத்துக்கு ஒன்று, சொந்த வேலைக்கு ஒன்று என இரண்டு கிட்ஹப் அக்கவுண்டுகள், இரண்டு சாவிகள். எஸ்எஸ்எச் தன்னிடம் இருக்கும் சாவிகளை ஒவ்வொன்றாக நீட்டும். முதலில் பொருந்துகிற சாவி எந்த அக்கவுண்டுடையதோ, சர்வருக்கு நீங்கள் அந்த ஆள். அந்த ஆளுக்கு ரெப்போவில் அனுமதி இல்லையென்றால் "ரெப்போ காணவில்லை" என்று சொல்லிவிடும், அடுத்த சாவியைக் கேட்காது. பாவம், நீங்கள் முகவரியில் எழுத்துப்பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள்.

தீர்வு எஸ்எஸ்எச் ஃபோல்டருக்குள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில். ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் ஒரு புனைபெயர் வையுங்கள். அதன் கீழே உண்மையான சர்வர் முகவரி, 'கிட்' என்ற பயனர், பயன்படுத்த வேண்டிய தனிச் சாவியின் பாதை மூன்றையும் எழுதுங்கள். நான்காவதாக 'ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ்' என்ற வரி. இந்த நான்காவது வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லையென்றால் ஏஜென்ட்டில் இருக்கும் மற்ற சாவிகளும் வரிசையில் முந்திக்கொண்டு போகும். சாவிகள் அதிகமாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு: ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வர் இயல்பாக ஓர் இணைப்பில் 6 முயற்சிகள்தான் அனுமதிக்கும், உங்கள் சரியான சாவி ஏழாவதாக இருந்தால் அதற்கு முறை வருவதற்குள் இணைப்பு துண்டிக்கப்படும்.

கான்ஃபிக் தயாரானதும் ரெப்போவின் ரிமோட் முகவரியில், அதாவது கிட் இணையும் சர்வர் முகவரியில், சர்வரின் பெயருக்குப் பதில் புனைபெயரைப் போடுங்கள்.

கமிட்டில் தெரியும் பெயரும் மின்னஞ்சலும் சாவியிலிருந்து வருவதில்லை. அவை கிட்டின் தனி அமைப்பு. சரியான சாவியோடு, தப்பான மின்னஞ்சலில் கமிட் செய்வது ரொம்ப சாதாரணமாக நடக்கும். ரெப்போ வாரியாக அதையும் அமைத்துவிடுங்கள்.

## 8. இணையவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

பயனர்பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறதா? அப்படியானால் ரிமோட் முகவரி எச்டிடிபிஎஸ் வகை, அதற்கும் எஸ்எஸ்எச் சாவிக்கும் சம்பந்தமே இல்லை. கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் வேலைகளுக்குப் பாஸ்வேர்டை ஏற்பதில்லை, அதனால் சரியான பாஸ்வேர்டை அடித்தாலும் மறுக்கும். 'ரிமோட் செட்-யூஆர்எல்' கட்டளையால் எஸ்எஸ்எச் வடிவ முகவரிக்கு மாற்றுங்கள்.

தனிச் சாவியின் ஃபைல் அனுமதி தளர்வாக இருக்கிறது என்கிறதா? எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, தனிச் சாவிக்கு 600 என்று அமையுங்கள்.

ஒன்றும் பதில் வராமல் தொங்குகிறதா? எஸ்எஸ்எச் வழக்கமாகப் போகும் வழியான போர்ட் 22 அடைக்கப்பட்டிருக்கலாம், அலுவலக நெட்வொர்க்குகளில் இது சகஜம். கிட்ஹப், கிட்லேப், பிட்பக்கெட் மூன்றுமே போர்ட் 443 வழியாக எஸ்எஸ்எச் தருகின்றன, அதற்கென வேறு சர்வர் பெயர் இருக்கும். கான்ஃபிக்கில் மாற்றினால் போதும்.

பழைய ஆர்எஸ்ஏ சாவி, நேற்றுவரை வேலை செய்தது, கணினியைப் புதுப்பித்ததும் நின்றுவிட்டதா? 2021-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8, ஷா1 அடிப்படையிலான பழைய கையொப்ப முறையை இயல்பாக நிறுத்திவிட்டது. சாவியைக் குறை சொல்ல முடியாது, மறுபக்கம் இருக்கும் சர்வர் பழையதாகிவிட்டது. அதைப் புதுப்பிப்பதுதான் சரியான வழி. ஈடி25519-ஐ அந்த சர்வர் ஏற்குமானால் அந்த வகைச் சாவிக்கு மாறினாலும் தப்பித்துவிடலாம்.

இதில் எதுவும் இல்லையென்றால் எஸ்எஸ்எச்சை 'வி' விருப்பத்தோடு ஓட்டுங்கள். கொட்டும் வரிகளில் இரண்டைத் தேடினால் போதும்: எந்தச் சாவியை நீட்டியது, சர்வர் எதை ஏற்றது. நீங்கள் எதிர்பார்க்கும் சாவி நீட்டப்படவே இல்லையென்றால் கோளாறு உங்கள் கணினியில். நீட்டியும் ஏற்கவில்லையென்றால் சர்வரில்.

## 9. தானியங்கி வேலைகளுக்கு டிப்ளாய் சாவி

நிரலைத் தானாகச் சோதிக்கும் சிஐ சர்வருக்கும் தளத்தை வெளியிடும் இயந்திரத்துக்கும் உங்கள் சொந்தச் சாவியைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் உங்களுக்கு அனுமதி உள்ள எல்லா ரெப்போவும் அந்த இயந்திரத்துக்கும் திறந்துவிடும். டிப்ளாய் சாவி இதற்காகவே இருக்கிறது. கிட்ஹப்பில் அது ஒரே ஒரு ரெப்போவுக்கு மட்டும் பொருந்தும், இயல்பாகப் படிக்க மட்டும் அனுமதி. எழுதும் அனுமதி உண்மையிலேயே தேவையா என்று யோசித்த பிறகே டிக் செய்யுங்கள். கிட்லேபில் ஒரே டிப்ளாய் சாவியைப் பல திட்டங்களுக்குப் பகிர முடியும். வசதிதான், ஆனால் ஒன்று கசிந்தால் எல்லாம் போகும்.

யாரும் சொல்லாத ஒரு விஷயம்: கிட்ஹப் டிப்ளாய் சாவிக்குக் காலாவதி கிடையாது. அதைச் சேர்த்த ஆளை ரெப்போவிலிருந்து நீக்கினாலும் சாவி உயிரோடுதான் இருக்கும். ஆளை நீக்கியாயிற்று, எல்லாம் முடிந்தது என்று நிர்வாகி நிம்மதியாக இருப்பார். அந்தத் தனிச் சாவியின் நகல் போனவர் கணினியில் இருந்தால் ரெப்போவும் அவருக்குத் திறந்தபடியே இருக்கும்.

## 10. சொந்தமாக சர்வர் நடத்துபவர்களுக்கு

எல்லாப் பொதுச் சாவிகளும் 'ஆத்தரைஸ்டு கீஸ்' ஃபைலில் வரிக்கு ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் 'ரெஸ்ட்ரிக்ட்' என்று சேர்த்தால் போர்ட் ஃபார்வர்டிங் போன்றவை அடைபடும். 2016-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 7.2 முதல் இது உண்டு. 'கிட்' பயனரின் ஷெல்லை கிட்-ஷெல் ஆக மாற்றிவிட்டால் கிட் வேலைகளைத் தவிர வேறெதுவும் ஓடாது. அந்தப் பயனரின் ஹோம் ஃபோல்டரில் மற்றவர்கள் எழுத முடிகிற அனுமதி இருந்தால், எஸ்எஸ்எச் சர்வர் சாவியைச் சத்தமில்லாமல் நிராகரிக்கும். காரணம் சர்வரின் லாக்கில் மட்டும்தான் தெரியும்.

கிட் சர்வரில் பயனர் அனுமதிகளை நிர்வகிக்கும் கிட்டோலைட் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினால் அந்த ஃபைலைக் கையால் தொடாதீர்கள். நிர்வாக ரெப்போவின் 'கீடிர்' ஃபோல்டரில் பொதுச் சாவியைப் போட்டு புஷ் செய்தால் அதுவே எழுதிக்கொள்ளும். ஃபைல் பெயர்தான் பயனர்பெயர். ஒருவருக்குப் பல சாவிகள் என்றால் துணை ஃபோல்டர்களில் அதே பெயரில் வையுங்கள். ஒரே சாவியை இரண்டு பெயர்களில் போடக்கூடாது. ஷெல் அணுகலுக்கு ஏற்கெனவே இருக்கும் சாவியைக் கிட்டோலைட்டிலும் சேர்த்தால், மேலே இருக்கும் ஷெல் வரி முந்திக்கொள்ளும், கிட்டோலைட்டின் அனுமதி விதிகள் எதுவும் பொருந்தாமல் போகும். நிர்வாகி தன் சாவியையே நீக்கிவிட்டால் சர்வருக்குள் நேரடியாகப் போய் செட்டப் கட்டளையைப் புதிய பொதுச் சாவியோடு மறுபடி ஓட்ட வேண்டும். அந்த நேரடி வழி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

## 11. ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்

ஒரு சாதாரண விரிதாள் போதும். சாவியின் குறிப்பு, ஷா256 கைரேகை, எந்தக் கருவி, எந்தெந்த சர்வர், உருவாக்கிய தேதி, பொறுப்பாளர். கைரேகை எஸ்எஸ்எச்-கீஜென்னின் 'எல்' விருப்பத்தில் கிடைக்கும், சர்வரின் பக்கத்திலும் அதேதான் தெரியும். தனிச் சாவியையோ பாஸ்ஃப்ரேஸையோ இந்தப் பட்டியலில் எழுதாதீர்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்வரையும் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசியாக எப்போது பயன்பட்டது என்று பல சர்வர்கள் காட்டும். பட்டியலில் இல்லாத சாவி சர்வரில் இருந்தால் அதை விசாரிக்க வேண்டும். கிட்ஹப் ஓர் ஆண்டு பயன்படுத்தாத சாவிகளைத் தானே நீக்கிவிடும், அதனால் எப்போதாவது மட்டும் திறக்கும் பழைய கணினி ஒரு நாள் திடீரென்று இணைய மறுத்தால் பதறாதீர்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை சாவியை மாற்றுவது என்பதில் ஆளுக்கொரு கருத்து. பாஸ்ஃப்ரேஸ் உள்ள ஈடி25519 சாவியைக் காலண்டர் பார்த்து அடிக்கடி மாற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கருவி மாறும்போது மாற்றுங்கள், சந்தேகம் வந்தால் உடனே மாற்றுங்கள். நிறுவன விதி வேறு சொன்னால் அதைப் பின்பற்றுங்கள்.

மாற்றும்போது வரிசை முக்கியம். புதிய சாவியை உருவாக்கி, ஏற்றி, இணைந்து பார்த்து, பிறகுதான் பழையதை நீக்க வேண்டும். புதிய லேப்டாப் வந்தால் பழைய தனிச் சாவியைப் பென் டிரைவில் எடுத்துப் போகும் யோசனை வரும். ஐந்து நிமிடத்தில் புதிது உருவாக்க முடிகிறபோது அது எதற்கு?

## 12. சாவி தொலைந்தால், ஆள் விலகினால்

லேப்டாப் காணவில்லை என்றால் முதல் வேலை மொபைலிலிருந்தாவது உள்நுழைந்து அந்தக் கருவியின் சாவியை எல்லா சர்வர்களிலும் நீக்குவது. கிடைத்துவிடுமோ என்று காத்திருக்காதீர்கள், கிடைத்தால் புதிது உருவாக்கிக்கொள்ளலாம். அந்தக் கணினியில் சேமித்திருந்த டோக்கன்களையும் (பாஸ்வேர்டுக்குப் பதில் பயன்படும் குறியீடுகள்) உள்நுழைவு அமர்வுகளையும் ரத்து செய்யுங்கள், சாவியை நீக்கினால் அவை போய்விடாது. பிறகு அக்கவுண்டின் பாதுகாப்புப் பதிவில் உங்களுக்குத் தெரியாத செயல் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

தனிச் சாவி ஒரு ரெப்போவில் கமிட் ஆகிவிட்டால், அடுத்த கமிட்டில் அதை அழிப்பதால் எந்தப் பயனும் இல்லை. வரலாற்றில் இருக்கும், க்ளோன் செய்தவர்களிடம் இருக்கும். அந்தச் சாவியை செத்துப்போனதாக வைத்து எல்லா இடத்திலும் நீக்குங்கள். வரலாற்றைச் சுத்தம் செய்வது அதற்கப்புறம்.

குழுவை விட்டு ஒருவர் போகும்போது நான்கு இடங்களைப் பாருங்கள்: அவரது அக்கவுண்டின் அனுமதி, அவர் சேர்த்த டிப்ளாய் சாவிகள், சொந்த சர்வர்களின் ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைல், சிஐயில் சேமித்திருக்கும் ரகசியங்கள். சொந்த சர்வரில் வரியை நீக்கினாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு அறுபடாது, அதைத் தனியாகத் துண்டிக்க வேண்டும்.

நீக்கியாயிற்று என்று நினைத்த சாவி உங்கள் கையில் இருந்தால், அதைக் கொண்டே ஒருமுறை இணைய முயலுங்கள். சர்வர் மறுத்தால் பட்டியலில் நீக்கிய தேதியைக் குறித்துவிட்டு, அந்த ஃபைலையும் அதன் பேக்கப் நகல்களையும் அழித்துவிடலாம். ஏற்றுக்கொண்டால், இன்னொரு இடத்தில் அது பதிவாகி இருக்கிறது. கைரேகையை வைத்துத் தேடுங்கள்.